கிழவன் தலையில் முதல் கால்

மலையேற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கால் நகம் வெட்டியாயிற்றா என்றுதான். எல்லோரும் சிரிப்பார்கள். ஏறும்போது நகத்தின் நினைவே வராது. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் விரல்நுனி பூட்ஸின் மூக்கில் இடிக்கும். ஊர் வந்து சேர்வதற்குள் நகம் கறுத்துவிடும், சிலருக்குக் கழன்றே விழும். சிரித்தவர்கள் இறங்கி வந்து என்னைத் தேடி வந்து கைகொடுத்திருக்கிறார்கள். என்னுடன் வந்தவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகக் கொண்டுவருவதுதான் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்துவந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. நடந்ததை எழுதும்போது இதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

நீங்கள் சமவெளிக்காரர். காசேசே நகரத்துக் காவல் நிலையத்திலிருந்து பார்த்தால் எங்கள் மலை பெரும்பாலான நாட்களில் மேகமாகத்தான் தெரியும். முதலில் வந்த வெள்ளைக்காரர்களும் மேகம் என்றே நினைத்துத் திரும்பிப் போனார்களாம். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு சிகரத்துக்குத் தங்கள் ராணி பெயர், தங்கள் நண்பன் பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கிழவன் என்று சொல்லும் அந்தச் சிகரத்துக்கும் யாரோ ஒரு கர்னலின் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மேகம் விலகவில்லை என்றால் 'கிழவன் இன்னைக்குத் தூக்கம்' என்போம். கல் உருண்டால் 'கிழவனுக்கு இருமல்' என்போம்.

கிழவன் தலையில் முதலில் கால் வைத்தது யார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரத்துக்குப் பத்து வருடம் முன்பு ஆல்டர்சன் என்ற ஆங்கிலேயர் வந்தார். எங்கள் ஊரில் இரண்டு பேரைச் சுமைகாரர்களாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் என் அப்பா முபால்யா. இன்னொருவர் மசெரேகா. முதலில் இறங்கி வந்தவர் மசெரேகா. வெள்ளைக்காரர் மார்புச்சளி முற்றிக் கூடாரத்தில் படுத்திருக்கிறார், மேலே யாரும் போகவில்லை, உதவி கேட்கத்தான் நான் வந்தேன், என் போர்வையைக்கூட அவருக்குப் போர்த்திவிட்டு வந்திருக்கிறேன் என்றார். அடுத்து அப்பா வந்தார், தனியாக. நானும் ஐயாவும் கிழவன் தலையில் நின்றோம், இறங்கும்போது ஐயா பனிப்பிளவில் விழுந்துவிட்டார், மசெரேகா அதற்கு முன்பே பயந்து ஓடிவிட்டான் என்றார். மேலே தரை தேவாலயத் தளம் போல அகலமாக, வெள்ளையாக இருந்தது என்றும், அங்கிருந்து அடிவாரத்துச் சமவெளியின் இரண்டு ஏரிகளும் தெரிந்தன என்றும் சொன்னார். தேடப் போனவர்கள் பனியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஊர் அப்பாவை நம்பியது. வெள்ளைக்காரர்கள் நம்பவில்லை. ஒரு சுமைகாரன் சொல்லை எப்படி வரலாற்றில் எழுதுவது என்று நினைத்திருப்பார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் ஆஸ்திரியர்கள் நான்கு பேர் ஏறி இறங்கி, தாங்கள்தான் முதல் என்று பதிந்துகொண்டார்கள். எங்கள் ஆட்களைக் கடைசிக் குடிலோடு நிறுத்திவிட்டு அவர்கள் மட்டும் போனார்கள். எல்லாப் புத்தகத்திலும் அந்த நான்கு பெயர்கள்தான் இருந்தன.

அதை மாற்றியது நான். வாய்தா வாய்தாவாக அலைவார்களே, அப்படி அலைந்தேன். தலைநகர் கம்பாலாவில் அமைச்சக வாசலில் உட்கார்ந்தேன். வருகிற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரிடமும் கதையைச் சொன்னேன். ஆல்டர்சனுக்கு ஒரே மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரைக் கண்டுபிடித்து வரவழைத்தேன். தன் அப்பா உச்சிக்குப் போய்ச் சேர்ந்துதான் இறந்தார் என்று கேட்டபோது அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்றைக்கு மலை வாசலில் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஆல்டர்சன் பெயரும் முபால்யா பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. ஒரே அளவு எழுத்து என்பதற்காக மட்டும் நான் ஒரு வருடம் சண்டை போட்டேன். ஊர்ப் பள்ளிக்கு அப்பாவின் பெயர். அதில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு டாக்டராக இருக்கிறார்கள். நாம் மூட்டை தூக்கப் பிறந்தவர்கள் என்று என் தலைமுறை நினைத்தது. அந்தப் பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. அந்த நினைப்புக்கு ஒரு விலை உண்டு என்றால், கொடுக்கத் தகுந்த விலைதான்.

மசெரேகாவையும் சொல்ல வேண்டும். அவர் சாகும்வரை அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழைச்சாராயம் உள்ளே போனால் சத்தமாகச் சொல்வார். எங்கள் ஊரில் யாராவது வேலைக்கு வராமல் சாக்குச் சொன்னால், 'என்னப்பா, நீயும் போர்வையைக் குடுத்துட்டு வந்தியா?' என்று கேட்பார்கள். அவர் மகனைக் கேட்டார்கள், பேரனைக் கேட்டார்கள். பேத்தி கபுகோவைப் பள்ளியில் போர்வைக்காரி என்றே கூப்பிட்டார்கள். என் அப்பா பெயர் வைத்த பள்ளியில்தான்.

அந்தப் பெண்ணை வழிகாட்டியாக்கியது நான். நீங்கள் அதை எழுதியிருக்க மாட்டீர்கள். பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்று வழிகாட்டிகள் சங்கத்தில் எல்லோரும் முகத்தைத் திருப்பியபோது, தலைவர் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். கயிறு கட்டவும் பனியில் நடக்கவும் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். நல்ல நுரையீரல், நல்ல நிதானம். எங்கள் ஊர்ப் பெண்களில் முதலில் கிழவன் தலையில் நின்றவள் அவள்தான். அவள் பொய் பேசி நான் கேட்டதில்லை. வந்தவர்கள் உச்சி வரை வர முடியுமா என்று கேட்டால் முகத்துக்கு நேராக, 'உங்களால முடியாது, ரெண்டாவது குடிலோட நின்னுக்கலாம்' என்பாள். அதனால் எங்களுக்குச் சில ஆட்கள் நஷ்டம்.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் முற்றத்தில் காப்பிப் பழம் காயப் போட்டதை அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி அவளும் அள்ளினாள்.

"பெரியப்பா, கிண்ணத்துல ஒரு ஆள் படுத்திருக்காரு" என்றாள்.

கிண்ணம் என்பது கிழவனின் இடுப்புக்குக் கீழே ஒரு பனிப் பள்ளம். உச்சிக்குப் போகும் முகடு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பத்து வருடமாக அந்தப் பனி உருகி ஒடுங்கிக்கொண்டே வருகிறது.

"எந்த ஆளு?" என்றேன்.

"ஆல்டர்சன் ஐயா. பனி விலகி இடுப்பு வரைக்கும் வெளிய தெரியறாரு. கூடாரத் துணி கிழிஞ்சு மேலயே ஒட்டிக் கெடக்கு. பூட்ஸைக் கழட்டி தலைமாட்டுல ஜோடியா வச்சிருக்காரு பெரியப்பா. தூங்கப் போறவங்க வைக்கற மாதிரி."

நான் பழத்தை அள்ளிக்கொண்டே இருந்தேன்.

"மேல ஒரு போர்வை போர்த்தியிருக்கு" என்றாள். "நம்ம ஊர்ப் போர்வை. ஓரத்துல செவப்புக் கரை."

ஜெயித்துவிட்டோம் என்ற தொனி அவள் குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எனக்காக வருத்தப்பட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான் மொதல்ல. உங்களுக்குத் தெரியாம வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன்."

"என்ன செய்யலாம்னு நெனைக்கற?"

"அவர் பொண்ணு பள்ளிக்கூட விழாவுக்கு வருதில்ல, வர்ற மாசம். எண்பது தாண்டின பொம்பள. அப்பாவைப் பொதைக்க ஒரு வாய்ப்பு கெடைக்கட்டும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினாள். "எங்க தாத்தாவைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும் பெரியப்பா. முபால்யா தாத்தாவை யாரும் திட்ட வேண்டாம். அந்தக் காலத்துல வெள்ளக்காரன் செத்துட்டான்னா மொதல்ல யாரைப் பிடிச்சுக் கட்டுவாங்க? கூட இருந்தவனைத்தான். பயத்துல சொல்லியிருப்பாரு. அதை நானே மேடையில சொல்றேன்."

என் அப்பாவுக்காக அவள் மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தாள். மேடையில் நின்று, ஊர் முன்னால், அந்தப் பள்ளியின் வாசலில்.

விழா முடியும்வரை பொறு என்றேன். யோசித்துவிட்டு, முடியாது, அந்த அம்மா அதற்கடுத்த நாளே விமானம் ஏறிவிடுவார் என்றாள். வேண்டுமானால் விழாவுக்கு முன்பே நாம் இரண்டு பேரும் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்றாள். நான் பார்க்கலாம் என்றேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். போகும்போது என் வீட்டுக்காரியிடம் ஒரு கிண்ணம் பீன்ஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் எதையும் திட்டமிடவில்லை. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் என்னிடம் சொல்லாமல் தனியாகக் கிளம்பிப் போனாள். இறந்தவர் விரலில் இருந்த மோதிரத்தை எடுத்துவந்து மகள் கையில் கொடுக்க நினைத்திருக்கிறாள், பிறகு அவளே சொன்னாள். கிண்ணத்தின் ஓரத்தில், புதிதாகப் பனி விலகிய பாறையில் பிடிமானத்துக்குப் பாசிகூட இருக்காது, பனி தேய்த்ததில் கண்ணாடி மாதிரி வழுக்கும். அங்கே விழுந்தாள். நான் அங்கே இல்லை. தள்ளிவிட்டது நான் இல்லை. அவளாகவே விழுந்தாள்.

கிண்ணத்தின் உதடு சமவெளியைப் பார்த்து இருப்பதால் அந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும். என்னைக் கூப்பிட்டாள். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தப் போன் கம்பெனிக் காகிதத்தில் உள்ள அழைப்பு அதுதான். என்ன பேசினோம் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

"பெரியப்பா, கால் ஒடைஞ்சிருச்சு. எலும்பு வெளிய தெரியுது. கிண்ணத்துலதான் இருக்கேன், அவர் பக்கத்துல" என்றாள்.

"தூங்கற பை இருக்கா?"

"இருக்கு. தவழ்ந்து பாறைக்கு அடியில வந்துட்டேன்."

"அங்கயே இரு. அசையாதே. நான் வரேன். வேற யாருக்கும் போன் பண்ணி சார்ஜைத் தீர்க்காதே. அணைச்சு வை."

"சரி பெரியப்பா" என்றாள். பிறகு, "சொல்லாம வந்துட்டேன், திட்டாதீங்க" என்றாள்.

அந்தக் குளிரில் அணைத்த போன் மறுபடி உயிர் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் வலியில் இருக்கிறவர்கள் யோசிக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுவார்கள்.

போனை வைத்தபோது நான் உண்மையிலேயே கிளம்பத்தான் எழுந்தேன். கயிற்றை எடுத்தேன். என் வீட்டுக்காரி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மரவள்ளிக்களி வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தபோது கயிறு தேவையில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் பொழுது சாயும்போது அவள் அம்மா யெமிமா வந்தாள். மகள் வீடு திரும்பவில்லை, எங்கே போகிறேன் என்றும் சொல்லவில்லை, பையையும் கயிற்றையும் காணோம் என்றாள். மலையில் ஆள் காணாமல் போனால் தேடும் குழுவைக் கூட்டுவது என் பொறுப்பு. கூட்டினேன். எங்கே தேடுவது என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மேற்கே காங்கோ எல்லைப் பக்கத்திலிருந்து உச்சிக்குப் புதிதாக ஒரு வழி பார்க்க வேண்டும் என்று அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஊரே திரண்டு மேற்குப் பள்ளத்தாக்குக்குப் போனது. இடுப்பளவு சேற்றில், மழையில், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். யெமிமா தேடப் போனவர்களுக்குக் களியும் கீரையும் சமைத்துத் தலைச்சுமையாக முதல் குடில் வரை கொண்டுவந்தாள். என் தட்டில்தான் முதலில் வைத்தாள்.

"நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நிக்கறேன்" என்றாள்.

சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

குழுவில் என் உதவியாள் யோனா. வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் காது கூர்மை. முகட்டைத் தாண்டும்போது நின்றான்.

"அண்ணே, விசில் மாதிரி கேக்குது. அந்தப் பக்கம். கிண்ணத்துப் பக்கம்."

எங்கள் வழிகாட்டிகள் எல்லோர் கழுத்திலும் விசில் இருக்கும். எனக்கும் கேட்டது.

"குருவி" என்றேன்.

"இந்தக் குளிர்ல எந்தக் குருவிண்ணே இவ்ளோ தெம்பா கத்தும்? எம் பொண்டாட்டி தோத்தா போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். களைத்துப்போயிருந்தார்கள், சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் யோனா விடவில்லை, ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். உனக்கு முழங்கால் வலி, நீ ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேற்கே போ, கிண்ணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் முழங்கால் மேல் நான் காட்டிய அக்கறையில் நெகிழ்ந்துபோனான்.

நான் தனியாகக் கிண்ணத்துக்குப் போனேன்.

அவள் உயிரோடு இருந்தாள். பாறைக்கு அடியில் பைக்குள் சுருண்டு கிடந்தாள். உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"வந்துட்டீங்களா? ரெண்டாம் நாளே வருவீங்கன்னு பாத்தேன்."

"மழை" என்றேன்.

குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் விரல்கள் விறைத்திருந்ததால் நானே பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தேன். என் கம்பளித் துண்டை அவள் கழுத்தில் சுற்றினேன். பிறகு எழுந்து ஆல்டர்சன் ஐயாவைப் பார்த்தேன். இருபது கஜம் தள்ளிக் கிடந்தார். அதற்குள் பனி இன்னும் உருகி முழு உடலும் வெளியே வந்திருந்தது, மற்றபடி அவள் சொன்னபடியேதான் இருந்தார். ஜோடி பூட்ஸ், சிவப்புக் கரை போட்ட போர்வை. முகம் தோல் பதனிட்டதுபோல் இருந்தாலும் அமைதியாக இருந்தது. நோயில் படுத்துச் செத்தவர், விழுந்து செத்தவர் இல்லை என்று யார் பார்த்தாலும் தெரியும். கூடாரத்தோடும் போர்வையோடும் இழுத்துக்கொண்டுபோய் மேல்பக்கத்துப் பனிப்பிளவில் தள்ளினேன். சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

"பெரியப்பா, என்ன பண்றீங்க?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "நெஜமா. எங்க அம்மா மேல சத்தியம். தாத்தா செத்துப்போயிட்டாரு, அவருக்கு இனிமே என்ன ஆகணும். என்னைக் கீழ கொண்டுபோங்க பெரியப்பா. காலை எடுக்கணும்னாலும் எடுக்கட்டும்."

நான் யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. வேறொரு பெண்ணாக இருந்தால், பொய் சொல்லிப் பழகியவளாக இருந்தால், அந்தச் சத்தியத்தை நம்பி முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். கபுகோ பொய் பேசத் தெரியாதவள். அன்று பயத்தில் சொன்னாள். கீழே போய், கால் ஆறி, மசெரேகா பேத்தி என்று யாராவது கேலி செய்யும் நாளில் உண்மை தானாக வந்துவிடும். அவளுடைய நேர்மைதான் என்னை அவள்மேல் நம்பிக்கை வைக்க விடவில்லை. நான் சொல்வது அநியாயமாகப் படலாம். நிதானமாக யோசித்துப் பாருங்கள், இதில் தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

ஸ்ட்ரெச்சரும் ஆட்களும் கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன். அவள் கழுத்திலிருந்த விசிலை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டேன். தேநீர்க் குடுவையை அவளிடமே விட்டுவிட்டேன். பாதியாவது இருந்திருக்கும்.

"பெரியப்பா" என்று கூப்பிட்டாள். திரும்பினேன். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நான் அவளை அடிக்கவில்லை. கயிற்றை அறுக்கவில்லை. என் கை அவள்மேல் பட்டதெல்லாம் தேநீர் கொடுக்கவும் துண்டு சுற்றவும்தான்.

கிண்ணத்தில் ஒன்றுமில்லை என்று யோனாவிடம் சொன்னேன். அன்று பொழுது விழுந்தபின் பனிமழை கொட்டியது. அடுத்தடுத்த நாட்களிலும் தேடினோம். பிறகு நான்தான் யெமிமாவின் கையைப் பிடித்து, போதும் அம்மா, இனி ஆட்களின் உயிருக்கு ஆபத்து என்றேன். அவள் தலையாட்டினாள். தேடப் போன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாள்.

விழா நடந்தது. ஆல்டர்சன் அம்மா வந்தார். சக்கர நாற்காலியில் கல்வெட்டு வரை தள்ளிக்கொண்டு போனோம். மழை தூறியதால் நான் குடை பிடித்தேன். தன் அப்பாவின் பெயரையும் என் அப்பாவின் பெயரையும் விரலால் தடவினார். கபுகோவுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். கடைசிக் குடிலுக்கு அவள் பெயரை வைக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன், எல்லோரும் கைதட்டினார்கள். பித்தளைத் தகட்டில் 'எங்கள் ஊர்ப் பெண்களில் கிழவனை வென்ற முதல் பெண்' என்று பொறித்து மாட்டியிருக்கிறோம். போர்வைக்காரி என்று இனி எந்தப் பிள்ளையும் சொல்லாது. அவளுக்கு நான் செய்ததையும் தராசில் போட வேண்டும்.

மீதி உங்களுக்குத் தெரியும். மகளின் குரலைக் கடைசியாகக் கேட்டது யார் என்று தெரிந்துகொள்ள யெமிமா போன் கம்பெனிக்கு நடையாய் நடந்திருக்கிறாள். சந்தேகத்தில் இல்லை. அந்த ஆளிடம் போய், என்ன பேசினாள், சிரித்தாளா என்று கேட்க வேண்டும் என்பதற்காக. அவர்கள் கொடுத்த எண்ணைப் பார்த்ததும் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"எம் பொண்ணு உங்களுக்குப் போன் பண்ணியிருக்கா" என்றாள்.

"ஆமா. சரியா கேக்கல" என்றேன்.

"ரொம்ப நேரம் பேசியிருக்கா."

நான் ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டேன்.

"என் கையால களி போட்டேனே, சாப்பிட்டீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள், வாடகை மோட்டார் சைக்கிள்காரனிடம் வேகமாகப் போ என்றுகூடச் சொல்லாமல். அவன்தான் சொன்னான்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அந்த உடலைப் பார்ப்பதற்கு முன்பு அப்பா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியுமா என்று. புத்திசாலித்தனமான கேள்வி. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கலகம் அடங்கி, மூடிக் கிடந்த மலையைத் திறந்த வருடம் நான் முதல்முறை ஏறினேன். எனக்கு இருபத்துநான்கு வயது. கூட வந்த இரண்டு பேரும் முகட்டில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டார்கள், நான் தனியாகப் போனேன். உச்சியில் தேவாலயத் தளம் எதுவும் இல்லை. ரம்பப் பல் மாதிரி ஒரு கறுப்புப் பாறை இருந்தது, இரண்டு பேர் சேர்ந்து உட்கார முடியாது. அந்தச் செங்குத்தில் பனி என்றைக்கும் தங்கியிருக்க வழியில்லை. அங்கிருந்து இரண்டு ஏரிகளும் தெரியாது, ஒன்றுதான் தெரியும். அப்பா அங்கே போகவே இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்தபோது ஊர் எல்லையில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைத்தான் பார்த்தார், எதையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "அப்பா சொன்ன மாதிரியே இருக்கு. பனி மட்டும் கொஞ்சம் உருகிப்போச்சு." அவர் என் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து அவிழ்த்துவிட்டார். என் அப்பா வேறு யார் காலையும் தொட்டதில்லை.

அதன்பிறகு என் வாயால் ஆயிரம் பேருக்கு முபால்யா கதையைச் சொன்னேன். ஒருவருக்கும் என் கதையைச் சொல்லவில்லை. எங்கள் மக்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. யாருடைய பெயராக இருந்தால் என்ன? எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கபுகோ கிடக்கும் இடத்துக்கு உங்கள் ஆட்களை நானே கூட்டிப்போகிறேன். என்னைத் தவிர யாரும் அவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோக முடியாது. கீழே கொண்டுவந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று தெரிந்தே விட்டுவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இது நாளைக்குப் பேப்பரில் வரும், வெளிநாட்டுக்காரர்களும் படிப்பார்கள். அதனால் என் பெயரைத் தப்பில்லாமல் எழுதுங்கள். தெம்போ, முபால்யாவின் மகன். அதற்குக் கீழே, கொலையைப் பற்றி எழுதுவதற்கு முன்பு, இதை எழுதுங்கள்: கிழவன் தலையில் முதலில் கால் வைத்த எங்கள் ஊர் ஆள் நான்தான்.